கோடு கோணிய தெரு

லண்டன் மாநகரின் நடுவே சீப்சைடு என்றொரு கடைத்தெரு. 1900-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கிருந்த வரைபட அலுவலகங்களிலிருந்து ஒரு வினோதமான புகார் கிளம்பியது. அடிக்கோலை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் கோடு நேராக வரவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேஜை சிலிர்க்கிறது, பென்சில் துள்ளுகிறது, கோடு கோணிப்போகிறது. வரைகிறவர்களின் கை நடுக்கம் இதற்குக் காரணமில்லை. அவர்களுடைய காலுக்குக் கீழே, களிமண்ணைக் குடைந்து போட்ட சுரங்கத்தில், புத்தம் புதிய மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது.

அதன் பெயர் சென்ட்ரல் லண்டன் ரயில்வே. 1900 ஜூன் 27 அன்று வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். ஜூலை 30 முதல் பொதுமக்கள் ஏறினார்கள். ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷிலிருந்து பேங்க் வரை எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் இரண்டு பென்னிதான். ‘டூபென்னி டியூப்’ என்று ஊரே கொண்டாடியது. 1863 முதல் நீராவி எஞ்சின் விட்ட புகையில் இருமிக்கொண்டே சுரங்க ரயிலில் போன ஊருக்கு, புகையில்லாத ரயில் என்றால் கொண்டாட்டமாக இருக்காதா? கீழே போகிறவர்களுக்குச் சொகுசு. மேலே இருக்கிறவர்களுக்குத்தான் நடுக்கம். வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் மனு எழுத ஆரம்பித்தார்கள்.

குற்றவாளி யார் என்று பிறகு தெரிந்தது. அந்த ரயிலை இழுத்த எஞ்சின் ஒவ்வொன்றும் 44 டன். கனமான எஞ்சின் உலகில் வேறு எங்கும் இல்லையா என்ன? இங்கே சிக்கல் மொத்த எடையில் இல்லை. அந்த 44 டன்னில் 33 டன் வில்லின் மேல் உட்காராமல் நேராகச் சக்கரத்தின் மேலேயே கிடந்தது. பற்சக்கரம் வேண்டாம், மோட்டாரைச் சக்கரத்தின் அச்சிலேயே சுற்றிவிடலாம் என்று வடிவமைத்துவிட்டார்கள். கேட்க எளிமையான யோசனை. விளைவு, தண்டவாளத்தில் ஒரு சிறு மேடு, இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் ஓர் இடைவெளி வந்தால் போதும், 33 டன்னும் சம்மட்டி போல இறங்கும்.

நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கப் பௌதிகம் வேண்டியதில்லை. கட்டைவண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வித்தியாசம்தான். இரும்புப் பட்டா போட்ட கட்டைவண்டி கல் சாலையில் போனால் வண்டியில் இருப்பவர் எலும்பும் குலுங்கும், சாலையும் குலுங்கும். வில்வண்டியில் சக்கரமும் அச்சும் மட்டும்தான் கல்லோடு மோதும். கூண்டும் அதிலிருக்கும் ஆட்களும் வில்லின் மேல் மிதப்பார்கள். வில் வைத்தது உள்ளே இருப்பவரின் முதுகுக்காக என்றுதான் நினைக்கிறோம். அது பாதி உண்மை. வில் தெருவையும் காப்பாற்றுகிறது. இதை அந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள் மறந்துபோனார்கள்.

பிரிட்டிஷ் அரசின் வர்த்தக வாரியம் 1901-இல் ஒரு குழுவை அமைத்தது. குழுவில் ரேலே பிரபு இருந்தார். பிற்பாடு 1904-இல் நோபல் பரிசு பெற்ற அதே ரேலே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தரையின் மேல்தோலை ஒட்டியே ஓடும் ஒருவகை அலை இருந்தாக வேண்டும் என்று 1885-இல் அவர் வெறும் கணக்கிலேயே போட்டுக் காட்டியிருந்தார். இன்றும் அதற்கு ரேலே அலை என்றே பெயர். பூகம்பத்தில் வீடுகளை உலுக்குவதில் அதற்குப் பெரிய பங்கு. சாலையில் போகும் லாரியின் அதிர்வும் பெரும்பாலும் அந்த வடிவில்தான் வாசற்படி ஏறுகிறது. தாளில் கண்டுபிடித்தவரையே பதினாறு ஆண்டுகள் கழித்து, இந்த வீட்டுச் சுவர் ஏன் நடுங்குகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என அனுப்பிவைத்தார்கள். அதிர்வை அளக்கும் பொறுப்பு ஆர்னல்ஃப் மாலக் என்ற அறிஞருக்கு. அதிர்வு என்பது புலம்பலாக இருந்த நிலை மாறி, அளவெடுத்த எண்ணாகக் காகிதத்தில் ஏறியது.

ரயில் கம்பெனி இரண்டு வழிகளைச் சோதித்தது. சில எஞ்சின்களுக்குப் பற்சக்கரம் வைத்து, மோட்டாரின் எடையைக் குறைத்தார்கள். இன்னொரு பக்கம், எஞ்சினே வேண்டாம் என்று நான்கு பெட்டிகளுக்கு அடியிலேயே சிறுசிறு மோட்டார்களைப் பொருத்தினார்கள். பற்சக்கர எஞ்சினில் அதிர்வு குறைந்தது. மோட்டார் பெட்டியிலோ மிகவும் குறைந்தது. பிறகென்ன, 64 மோட்டார் பெட்டிகளுக்கு ஆர்டர் போனது. 1903 ஜூனுக்குள் அந்தப் பாதையில் பழைய எஞ்சின்கள் ஓய்வுபெற்றன. இன்று சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலிலும் தனி எஞ்சின் கிடையாது, மோட்டார் பெட்டிகள்தான். உலகெங்கும் நகர ரயில்கள் அந்த வடிவத்துக்கு வந்ததற்குப் பல காரணங்கள். சீப்சைடின் கோணல் கோடு அவற்றில் ஒன்று.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. யாரும் கட்டடத்தைத் தொடவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்து மேஜைக்கு அடியில் துணி மடித்து வையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அடிக்கிற சுத்தியலை மாற்றினார்கள், சுவர் தானாக அடங்கியது. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகள் இந்த வைத்தியம் வேறு திசைகளில் அலைந்தது.

அதற்கு முன், அதிர்வுக்குக் கூசும் கட்டடம் என்று லண்டன் முதலில் எதைக் கருதியது என்பதைச் சொல்ல வேண்டும். கோயிலும் இல்லை, அரண்மனையும் இல்லை. நட்சத்திரம் பார்க்கும் வீடு.

கிரீனிச் வானாய்வகத்தில் 1835 முதல் 1881 வரை அரச வானியலாளராக இருந்தவர் ஜார்ஜ் ஏரி. நட்சத்திரத்தின் இருப்பிடத்தைத் துல்லியமாக அளக்க அங்கே ஒரு தட்டில் பாதரசத்தை ஊற்றிவைப்பார்கள். கலங்காத பாதரசத்தைவிடச் சமமான கண்ணாடி கிடையாது; அதில் விழும் பிம்பத்தை வைத்துத் தொலைநோக்கியின் செங்குத்தைச் சரிபார்ப்பார்கள். தரையில் மெல்லிய நடுக்கம் வந்தாலும் பாதரசம் சிலிர்த்துப் பிம்பம் சிதறிவிடும். லண்டனிலிருந்து கிரீனிச் வரை 1838-இல் ரயில் வந்து சேர்ந்தது. அங்கிருந்து கிழக்கே பூங்கா வழியாகப் பாதையை நீட்டலாம் என்று திட்டங்கள் வந்தபோது ஏரி மறித்து நின்றார். ஓடும் ரயில் எவ்வளவு தூரத்தில் பாதரசத்தைக் கலைக்கிறது என்று சோதனையே செய்து பார்த்தார்கள். கடைசியில் 1878-இல்தான் பாதை நீண்டது. அதுவும் வானாய்வகக் குன்றைவிட்டு விலகி, வடக்கே ஆற்றுப் பக்கமாகத் தரைக்கடியில் மூடிய பாதையாக. நாற்பது ஆண்டுத் தாமதத்துக்குப் பாதரசம் மட்டும் காரணமில்லை என்றாலும், ஒரு தட்டுப் பாதரசம் ரயில் கம்பெனியோடு மல்லுக்கு நின்ற கதை அது.

ஏரியின் வைத்தியம் மிகப் பழையது, மிக மலிவானது: தள்ளிப் போ. தூரம் அதிர்வைத் தின்றுவிடும். ஊரில் காலியிடம் இருந்த காலத்துக்கு அது சரி. ஊர் நெருங்க நெருங்கத் தள்ளிப்போக இடமில்லாமல் போயிற்று.

அடுத்த முறையும் விலக்கிவைக்கும் முறைதான், ஆனால் சட்டத்தின் கையால். செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் பெரும் பாரம் ஆழமில்லாத அடித்தளத்தில், கெட்டியான மண் அடுக்கொன்றின் மேல் நிற்கிறது. அந்த அடுக்கின் கீழே ஈரமான மணலும் சரளையும். 1920-களில் தேவாலயத்தின் தூண்கள் ஆபத்தில் இருக்கின்றன என்ற அச்சம் பெரிதாகக் கிளம்பியது. சுற்றியோடும் பஸ்ஸும் லாரியும்தான் அசைக்கின்றன என்றார்கள் சிலர். பக்கத்தில் ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் வடிந்து மண் இறங்கிவிடும் என்றார்கள் சிலர். 1935-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது: தேவாலயத்தைச் சுற்றி வரையறுத்த பகுதியில் அனுமதியில்லாமல் ஆழமாகத் தோண்டக் கூடாது. கவனியுங்கள், சட்டம் தடுத்தது தோண்டுவதை. கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற பஸ்மேல் பழி போடுவது எளிது; கட்டடத்தைப் படுத்துவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர். இந்தப் பேச்சைப் பிறகு எடுக்கிறேன்.

இதற்கிடையே யாரும் எதிர்பாராத இடத்தில் அதிர்வு பதிவாகிக்கொண்டிருந்தது. ஹோபர்னுக்கு அருகில் கிங்ஸ்வே ஹால் என்று ஒரு மெதடிஸ்ட் மண்டபம், 1912-இல் திறந்தது. அதன் ஒலி வளம் அப்படி. 1920-களிலிருந்து 1984 வரை உலகின் பெரிய இசைக்குழுக்கள் அங்கே போய்த்தான் இசைத்தட்டுக்கு வாசித்தன. மண்டபத்துக்கு அடியில் பிக்கடில்லி சுரங்க ரயில் பாதை. மெல்லிய வயலின் இழையும் இடத்தில், உற்றுக் கேட்டால், தூரத்து இடிபோல ஒரு உறுமல். பழைய கிராமபோன் பெட்டிகளில் அது விழவே இல்லை. நல்ல ஒலிபெருக்கிகள் வந்தபிறகுதான் ரசிகர்கள் புருவத்தைச் சுருக்கினார்கள். ரயில் மாறவில்லை, மண்டபம் மாறவில்லை, காது மாறிவிட்டது. எந்தக் கட்டடம் கூசும் கட்டடம் என்பது கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் பொறுத்ததில்லை. உள்ளே நடக்கும் வேலையைப் பொறுத்தது. அதே உறுமல் மீன் மார்க்கெட்டுக்குக் கேட்டிருக்காது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வைத்தியம் கட்டடத்துக்குள் நுழைந்தது. 1951-இல் திறந்த ராயல் ஃபெஸ்டிவல் ஹாலின் பக்கத்திலேயே ரயில் பாலம், கீழே சுரங்க ரயில். கட்டடக் கலைஞர்கள் இசையரங்கை வெளிச்சுவரிலிருந்து பிரித்து, தூண்களின் மேல் தூக்கி, பெட்டிக்குள் முட்டை வைத்தமாதிரி வைத்தார்கள். ‘பெட்டியில் முட்டை’ என்பது அவர்களே சொன்ன வார்த்தை.

அடுத்த படி, கட்டடத்துக்கே வில் வைப்பது. செயின்ட் ஜேம்ஸ் பார்க் சுரங்க ரயில் நிலையத்தின் தலைமேல் ஒரு காலி மனை. லண்டனில் அப்படி ஓர் இடம் கிடைத்தால் பொன். ஆனால் வீடு கட்டினால் யார் குடிவருவார்? 1960-களின் நடுவில் அங்கே ஆல்பனி கோர்ட் என்ற அடுக்ககத்தைக் கட்டினார்கள். கடைக்காலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே ரப்பர் தாங்கிகள்: ரப்பர் தகடும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கி ஒட்டிய திண்டுகள். வெறும் ரப்பராக இருந்தால் பாரத்தில் பிதுங்கிவிடும். நடுவே எஃகுத் தகடு இருப்பதால் பிதுங்காமல் தாங்கும், ஆனாலும் அதிர்வை விழுங்கும். ரப்பரின் மேல் உட்கார்ந்த பிரிட்டனின் முதல் கட்டடம் அது.

அந்த ரப்பர் இயற்கை ரப்பர். அந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்தது மலேய ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆராய்ச்சி நிலையம். செயற்கை ரப்பர் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். இயற்கை ரப்பருக்குப் புது வேலை கண்டுபிடித்தாக வேண்டிய நெருக்கடி. டயரில் தேயும் ரப்பரை எடுத்துக் கட்டடத்தின் பாதத்தில் வைத்தார்கள். அந்த ஆராய்ச்சிக்கான பணம் மலேயத் தோட்டங்களின் ரப்பர்மேல் போட்ட வரியிலிருந்து வந்தது. விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, நிரை நிரையாகப் பால்மரம் வெட்டி, கொட்டாங்குச்சியில் வடிந்த பாலை வாளியில் சேர்த்தவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். ஒட்டுப்பால்கூட வீணாகக் கூடாது என்று சுரண்டி எடுத்தவர்கள். லண்டன்காரர் ஒருவர் ரயில் நிலையத்தின் மேல் படுத்து நிம்மதியாகத் தூங்கியதற்குத் தமிழர் ரத்தம் உறிஞ்சிய தோட்டத்து அட்டைகளும் ஒரு விதத்தில் காரணம். இதைப் பெருமையாகச் சொல்வதா, வருத்தமாகச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. எந்தக் கட்டடக் கலை நூலிலும் இதற்கு அடிக்குறிப்பு இருக்காது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அதன்பின் ரப்பரும் சுருள்வில்லும் பெருகின. பர்மிங்காமின் சிம்பனி ஹால் 1991-இல் ரப்பர் தாங்கிகளின் மேல் எழுந்தது. பக்கத்திலேயே ரயில் சுரங்கம். மான்செஸ்டரின் பிரிட்ஜ்வாட்டர் ஹால் 1996-இல் நூற்றுக்கணக்கான எஃகுச் சுருள்விற்களின் மேல். வாசலில் டிராம் ஓடுகிறது. அரங்கம் மொத்தமும் ஒரு பெரிய வில்வண்டி.

ஆனால் இந்த முறைக்கு ஒரு பெரிய குறை. இனிமேல் கட்டப்போகிற கட்டடத்துக்குத்தான் பாதத்தில் ரப்பர் வைக்க முடியும். முந்நூறு ஆண்டு நிற்கிற தேவாலயத்தைத் தூக்கி நிறுத்தி அடியில் திண்டு செருக யாரால் முடியும்? அதனால் வைத்தியம் மறுபடியும் கீழே, தண்டவாளத்துக்கே போக வேண்டியிருந்தது. போரில் குண்டு விழுந்து தரைமட்டமான பார்பிகன் பகுதியை 1960-களில் மீண்டும் கட்டியபோதே, குறுக்கே ஓடிய பழைய ரயில்பாதையை நேராக்கி, மேலே மூடி, தண்டவாளத்தை ரப்பர் தாங்கிகளின் மேல் வைத்தார்கள். 1982-இல் அங்கே இசையரங்கமும் வந்தது.

இன்றைய நிலையைப் பார்க்க வேண்டுமானால் லண்டனின் எலிசபெத் ரயில்பாதையைப் பார்க்க வேண்டும். 2022 மே 24 அன்று ஓடத் தொடங்கியது. அதன் சுரங்கங்கள் அதே பார்பிகன் இசையரங்கின் அடியிலும், சினிமாவுக்கு ஒலி சேர்க்கும் கூடங்கள் நிறைந்த சோஹோ பகுதியின் அடியிலும் போகின்றன. 1900-இல் புகார் வந்தபிறகு குழு அமைத்தார்கள். இங்கே ரயில் ஓடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எந்தக் கட்டடத்தில் எத்தனை டெசிபல் உறுமல் கேட்கலாம் என்று கணக்குப் போட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். கூச்சம் அதிகமான இந்த இடங்களில் மட்டும் மிதக்கும் தளம் போட்டார்கள்.

மிதக்கும் தளம் என்றால் தண்ணீரில் மிதப்பதில்லை. தண்டவாளம் இரண்டையும் ஒரு கனத்த கான்கிரீட் பாளத்தில் பதித்து, அந்தப் பாளத்தைச் சுரங்கத் தரையில் படாமல் வில்லின் மேலோ ரப்பரின் மேலோ நிறுத்துவது. அது ஏன் வேலை செய்கிறது என்று புரிய ஒரு தூளி போதும். விட்டத்தில் கட்டிய தூளியில் பிள்ளை தூங்குகிறது. விட்டத்தைக் கையால் படபடவென்று தட்டுங்கள், தூளி அசையாது. தூளியின் தாளத்துக்கு மெதுவாக ஆட்டினால்தான் ஆடும். கனமான எதையும் நெகிழ்வான ஒன்றில் நிறுத்தினால் அதற்கென்று ஒரு மந்தமான தாளம் வந்துவிடுகிறது. அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் வேகமாக வரும் அதிர்வை அது கீழே முழுதாகக் கடத்தாது. மிதக்கும் பாளத்தின் தாளம் வினாடிக்குச் சுமார் ஐந்திலிருந்து பதினைந்து ஆட்டம் வரை இருக்கும். மண்டபத்தில் கேட்கும் உறுமல் வினாடிக்கு முப்பது நாற்பதுக்கு மேலே. ஆகவே பாளம் அதை விழுங்கிவிடுகிறது. பாளம் எவ்வளவு கனமோ, வில் எவ்வளவு இளகியதோ, அவ்வளவுக்குத் தாளம் மந்தம், அவ்வளவுக்கு மேலே அமைதி.

கனமான பாளத்துக்கு இடம் வேண்டும். அங்கேதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரம் தெரிகிறது. 1900-இல் திறந்த குழாயின் விட்டம் சுமார் மூன்றரை மீட்டர். பெட்டியே சுவரை உரசாத குறையாகத்தான் போகும். எலிசபெத் பாதையின் குழாய் 6.2 மீட்டர். பழைய குழாயில் பிற்பாடு பாளம் போட நினைத்தாலும் போட முடியாது. தோண்டும்போது யோசிக்காததைத் தோண்டிய பிறகு வாங்க எந்தக் கடையிலும் கிடைக்காது.

அதற்கு அத்தாட்சி, சீப்சைடின் அடியில் ஓடும் அதே பாதைதான். இன்று அதற்கு சென்ட்ரல் லைன் என்று பெயர். 2016 ஆகஸ்ட் 19 முதல் அதில் வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ரயில் ஓடியது. நள்ளிரவில் ஊர் அடங்கியபிறகு, பகலில் கேட்காத உறுமல் தலையணைக்குள் கேட்டது. புகார்கள் பெருகின. பாளம் போட இடமில்லாத குழாயில் என்ன செய்வது? தண்டவாளத்தின் மேல்பரப்பில் விழுந்த அலைபோன்ற நெளிவைச் சாணை பிடித்து வழிப்பது, தட்டையாகித் தேய்ந்த சக்கரத்தைக் கடைசல் பிடிப்பது, தண்டவாளத்தைக் கவ்வும் கிளிப்புக்குப் பதிலாக இளகிய ரப்பர் பிடிப்பு வைப்பது. தண்டவாளத்தின் அடிப்பகுதி எதிலும் படாமல், இரு பக்கமும் ரப்பர் ஆப்பு தாங்க, அந்தரத்தில் நிற்கிற மாதிரி ஒரு பிடிப்பு உண்டு. மேலே இருக்கும் வீட்டுக்கு அது நிம்மதி. ஆனால் பிடி தளர்ந்த தண்டவாளம் தானே பாடத் தொடங்கும். பெட்டிக்குள் இரைச்சல் கூடும். மேல்வீட்டுக்காரர் தூக்கத்துக்கும் பயணியின் காதுக்கும் நடுவே பொறியாளர் தராசு பிடிக்க வேண்டியிருக்கிறது. 1900-இல் கீழே சொகுசு, மேலே நடுக்கம் என்று இருந்தது தலைகீழாகிவிட்டது.

இனி பாக்கி வைத்த பேச்சு. அதிர்வு கட்டடத்தை உண்மையில் உடைக்குமா?

அதிர்வின் கடுமையைத் தரை எவ்வளவு வேகமாக அசைகிறது என்று அளப்பார்கள். வினாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது கணக்கு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு வினாடிக்கு 0.3 மில்லிமீட்டர் வந்தாலே தெரிந்துவிடும். 1 மில்லிமீட்டர் வந்தால் புகார் எழுதிவிடுவார். ஜெர்மனியின் டிஐஎன் 4150 தரநிலை, விட்டுவிட்டு வரும் அதிர்வுக்கு, பாரம்பரியக் கட்டடங்களின் அடித்தளத்தில் வைக்கும் எல்லை குறைந்த அதிர்வெண்ணில் 3 மில்லிமீட்டர்; சாதாரண வீட்டுக்கு 5; தொழிற்கூடத்துக்கு 20. அதாவது வீட்டுக்காரர் பயப்படத் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் வீடு பயப்படத் தொடங்கும். மறுபக்கம், நுண்ணிய எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு 3 மைக்ரோமீட்டரே எல்லை, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. ஏரியின் பாதரசத் தட்டுக்கு இன்றைய வாரிசு அது.

அமெரிக்கச் சுரங்கத்துறை 1980-இல் வெளியிட்ட ஆய்வில் வீடுகளுக்குள் கருவி ஒட்டி அளந்தார்கள். கதவை அறைந்து சாத்துவதும், பகலிரவு வெயிலும் ஈரமும் மாறுவதும் சுவருக்குத் தரும் இழுப்பு, தூரத்து வெடிப்பின் அதிர்வு தருவதற்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. விரிசல் பல நாளாக இருந்திருக்கும். லாரி போகும்போது பாத்திரம் கிலுகிலுத்ததும் நிமிர்ந்து பார்க்கிறோம். பார்த்த அன்றைக்கு விரிசல் பிறந்ததாகக் கணக்கு எழுதிவிடுகிறோம். ஏற்கெனவே சுண்ணாம்பு உதிர்ந்து, கடைக்கால் இறங்கி, தளர்ந்த மணலில் நிற்கும் பழங்கட்டடத்துக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. அதற்குச் சிறு அதிர்வும் கடைசித் துரும்பாகலாம். அதனால்தான் அவற்றுக்கு எல்லையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

சாலை அதிர்வைப் பற்றியும் பிரிட்டனில் நிறைய அளந்திருக்கிறார்கள். மேடுபள்ளமில்லாத சாலையில் எவ்வளவு பெரிய லாரி போனாலும் ஓரத்து வீட்டில் உணரும்படியான தரை அதிர்வு அநேகமாக வருவதில்லை. சில சென்டிமீட்டர் பள்ளம், சாலை மட்டத்துக்கு மேலே துருத்தும் மேன்ஹோல் மூடி, குழாய் பதித்துவிட்டு ஒப்புக்கு மூடிய குறுக்குவெட்டு, இவைதான் காரணம். சக்கரம் துள்ளி விழும் ஒவ்வொரு முறையும் தரையில் ஒரு குத்து. மண் இளகிய களிமண்ணோ வண்டலோ என்றால் அது தூரம் போகும். வேகத்தைக் குறைக்கப் போட்ட வேகத்தடையே அதிர்வைக் கூட்டிவிடுவதும் உண்டு என்பதால், எந்த மண்ணில் வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி அதை வைக்கலாம் என்றும் அங்கே அட்டவணை போட்டிருக்கிறார்கள். நம் தெருவில் அது ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும், கட்சிக்காரர் வீட்டு வாசலில்.

சென்னையில் இரண்டாம் கட்ட மெட்ரோ மயிலாப்பூரின் அடியில் உருவாகி வருகிறது. லஸ், கச்சேரி ரோடு எல்லாம் அதன் வழி. (கச்சேரி ரோட்டின் கச்சேரி பாட்டுக் கச்சேரி இல்லை, பழைய அலுவலகக் கச்சேரி.) ஆனால் பாட்டுக் கச்சேரி நடக்கும் சபாக்கள் அங்கே எட்டுத் தப்படிக்கு ஒன்று. மார்கழியில் தம்பூரா சுதி சேரும் நேரத்தில் கீழே என்ன கேட்கும் என்பது, தண்டவாளம் எதன்மேல் உட்கார்கிறது என்பதைப் பொறுத்தது. கிங்ஸ்வே ஹாலுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. சபாச் செயலாளர்கள் இப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது.

மெட்ரோ இல்லாத தெருவில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. பஸ் போகும்போது அலமாரியில் டம்ளர் கிலுகிலுக்கிறதா? ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, எந்த இடத்தை வண்டி தாண்டும்போது தண்ணீர் சிலிர்க்கிறது என்று ஜன்னலில் ஒரு ஆளை நிறுத்திப் பாருங்கள். பத்து வண்டிக்குள் தெரிந்துவிடும். பிறகு மாநகராட்சிக்கு மனு எழுதும்போது சுவர் விரிசலைப் படமெடுத்து அனுப்பாதீர்கள். அந்தப் பள்ளத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்.